எத்தனை சதவீதக் கரைசல்? பிவிஏ ஜெல்லை உறையவைத்து இளக்கியதில் கற்றவை

பாலிவினைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கரைத்து, ஃப்ரீசரில் உறையவைத்து, வெளியே எடுத்து இளகவிட்டால் ஜெல் கிடைக்கும். வேறு ரசாயனம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. குளூட்டரால்டிஹைடு மாதிரி நச்சுப் பொருளைப் போட்டுவிட்டு, பிறகு அதைக் கழுவி எடுக்கப் படாதபாடு படவும் வேண்டாம். இந்த எளிமைக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும். பிவிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பாலிமரோடு வேலை தொடங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை சதவீதம் போடட்டும்?"

பத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெரும்பாலான வேலைக்கு அது சரியாகத்தான் வரும். ஆனால் அந்தப் பத்து என்ன செய்கிறது என்று தெரியாமல் போட்டால், ஜெல் மெத்தென்று வரும்போது பன்னிரண்டுக்கும், அது போதாவிட்டால் பதினைந்துக்கும் ஏறிக்கொண்டே போவார்கள். கடைசியில் கையில் இருப்பது தேவைக்கு ஒத்துவராத, குமிழி நிறைந்த ஒரு கட்டி. செறிவைக் கூட்டினால் ஜெல் கெட்டியாகும் என்பது உண்மை. அது எதனால் கெட்டியாகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

புதிதாக ஒருவர் வந்தால் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு வரிசை. ஒரே பவுடர், ஒரே தண்ணீர், ஒரே அளவுக் குப்பிகள். 2, 5, 8, 10, 15 சதவீதக் கரைசல்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு உறையவிட்டு, மறுநாள் மெதுவாக இளக்க வேண்டும். 2 சதவீதக் குப்பியைச் சாய்த்தால் உள்ளே இருப்பது நீர்தான். அதில் மெல்லிய வெள்ளைத் திரிகளும் துணுக்குகளும் மிதக்கும். அவற்றை ஊசி முனையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துணுக்கும் தனியாக ஒரு ஜெல்தான், ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. 5 சதவீதம் குப்பியின் வடிவத்தை எடுத்திருக்கும். வெளியே கவிழ்த்தால் தன் எடையிலேயே பரவி உட்காரும், அடியில் கொஞ்சம் நீர் கசியும். 8 சதவீதம் நிற்கும், தொட்டால் நடுங்கும். 10 சதவீதத்தைக் கையில் எடுக்கலாம், அழுத்தினால் நீர் விட்டு மெல்லப் பழைய வடிவுக்கு வரும். 15 சதவீதத்தை இரண்டு விரலால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், பிளேடால் சுத்தமாக வெட்டலாம். இந்த ஐந்து குப்பிகளையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்த பிறகு, அவர்கள் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். கரைசல் உறையும்போது தண்ணீர் மட்டும் பனிக்கட்டிப் படிகமாக மாறுகிறது. பாலிமர் சங்கிலிகளுக்கு அந்தப் படிகத்துக்குள் இடம் கிடையாது. உறையாமல் மிச்சமிருக்கும் நீருக்குள் அவை தள்ளப்படுகின்றன. வற்றுகிற குளத்தில் மீன்களெல்லாம் கடைசிப் பள்ளத்தில் வந்து சேர்வது போல, பனிப் படிகங்களுக்கு இடையிலுள்ள குறுகிய இடத்தில் சங்கிலிகள் நெருங்கி அடைகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் பக்கத்துச் சங்கிலிகளின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்படிகங்கள் உண்டாகின்றன. ஜெல்லைக் கட்டி வைத்திருக்கும் முடிச்சுகள் இவைதான். இளகும்போது பனிக்கட்டி நீராகிறது, முடிச்சுகள் நிற்கின்றன. பனி இருந்த இடம் நீர் நிரம்பிய துளையாகிவிடுகிறது.

1975-லேயே நிக்கோலாஸ் பெப்பாஸ் என்ற வேதிப் பொறியியல் ஆய்வாளர் 2.5 முதல் 15 சதவீதம் வரையிலான பிவிஏ கரைசல்களை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து இளக்கி, அவற்றின் ஊடே எவ்வளவு ஒளி போகிறது என்று அளந்திருக்கிறார். உறையவைக்கும் நேரம் கூடினாலும் பாலிமரின் செறிவு கூடினாலும் பாலிமரின் நுண்படிகங்கள் பெரிதாகின்றன என்று அப்போதே கண்டார். அதற்குப் பிறகு இந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் செறிவு பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டும். உறைந்த மாதிரிக்குள், பனிக்கு இடையில் மிஞ்சிய அந்தப் பாலிமர் திரவம் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. நீங்கள் 5 சதவீதத்தில் தொடங்கினாலும் 15 சதவீதத்தில் தொடங்கினாலும், மைனஸ் 20-இல் போதுமான நேரம் வைத்திருந்தால் அந்த இடைவெளித் திரவம் ஏறத்தாழ ஒரே செறிவை நோக்கித்தான் போகும். அப்படியென்றால் நாம் போட்ட சதவீதம் எதை மாற்றுகிறது? அந்தத் திரவம் மொத்தத்தில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை. அதாவது ஜெல்லில் சுவர் எவ்வளவு, துளை எவ்வளவு என்ற பங்கை. 5 சதவீதத்தில் சுவர் மெல்லியது, துளை பெரியது. 15-இல் சுவர் தடித்தது, துளை சிறியது. 2 சதவீதத்தில் சுவர்களே ஒன்றோடொன்று இணைய முடியாமல் தீவுகளாக நின்றுவிடுகின்றன. அந்தத் துணுக்குகள் அதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டபின் செறிவை நான் 'கெட்டித்தன்மைக்கான அளவு' என்று நினைப்பதை விட்டுவிட்டேன். சுவருக்கும் துளைக்கும் நடுவே பங்கு பிரிப்பது என்றே நினைக்கிறேன். உயிரணுக்களையோ நொதியையோ உள்ளே வைத்து, வெளியிலிருந்து சத்து எளிதாகப் போய்வர வேண்டுமானால் துளை வேண்டும். 7, 8 சதவீதத்தில் தொடங்குவேன். அல்ட்ராசவுண்ட் கருவியைச் சோதிக்க உடல் திசுவுக்கு மாற்றாக ஒரு மாதிரி வேண்டுமென்றால் 10. அழுத்தம் தாங்க வேண்டிய இடமென்றால் 15, அதற்கு மேலும். தேவை என்னவென்று சொல்லாமல் சதவீதம் மட்டும் கேட்டால் உருப்படியான பதில் சொல்லவே முடியாது.

சரி, எண்ணைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அந்த எண் நிஜமாகவே குப்பிக்குள் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த வேலையில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் லேபிளில் எழுதுகிற 10-க்கும் அச்சில் ஊற்றுகிற 10-க்கும் நடுவே பல இடங்களில் எண் நழுவுகிறது.

முதலில் பவுடரே. பிவிஏ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். விற்கப்படும் பவுடரில் 5 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். அப்படிப்பட்ட பவுடரில் 10 கிராம் எடுத்தால் உள்ளே பாலிமர் 9.5 கிராம்தான். அடுத்தது, சதவீதம் என்பதை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பது. 10 கிராமை 90 கிராம் நீரில் போட்டால் 10 சதவீதம். 10 கிராமை 100 கிராம் நீரில் போட்டால் 9.1 சதவீதம்தான். இரண்டையும் பத்து என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய செய்முறையை இன்னொருவர் செய்யும்போது ஜெல் வேறு மாதிரி வருவதற்கு இது சாதாரணமான காரணம். எடைக்கு எடை என்ற கணக்கையே நான் எப்போதும் வைத்துக்கொள்கிறேன். கெட்டியான கரைசலைக் கன அளவில் அளப்பதே சிரமம்.

அப்புறம், ஆவியாகிப் போகும் நீர். முழுமையாக நீராற்பகுக்கப்பட்ட பிவிஏ, அதாவது தயாரிப்பின்போது சங்கிலியிலிருந்த அசிட்டேட் தொகுதிகளில் 98, 99 சதவீதத்தை நீக்கிய வகை, குளிர்ந்த நீரில் கரையாது. 90 முதல் 95 டிகிரி வரை சூடேற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கலக்க வேண்டும். திறந்த பீக்கரில் இதைச் செய்தால் நீர் போய்க்கொண்டே இருக்கும். 100 கிராம் கரைசலிலிருந்து 15 கிராம் நீர் போனால், 10 சதவீதம் 11.8 சதவீதமாகிவிடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதற்கு நான் கடைப்பிடிப்பது எளிமையான வழி. காலிப் பாத்திரத்தை, கலக்கும் காந்தத்தோடும் மூடியோடும் சேர்த்து எடை போட்டு எழுதிக்கொள்வேன். கரைத்து முடித்து அறை வெப்பத்துக்கு ஆறியதும் மறுபடி எடை போடுவேன். பாத்திரம், பவுடர், நீர் மூன்றின் மொத்த எடையிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நீரைச் சேர்த்து, லேசாகச் சூடேற்றி மீண்டும் கலக்குவேன். மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் துளிகளையும் உள்ளே தட்டிவிட வேண்டும்.

அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், கரைசலில் சில கிராம் எடுத்து எடை தெரிந்த தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 105 டிகிரி ஓவனில் எடை இனி மாறாது என்ற நிலை வரும் வரை உலர்த்திப் பாருங்கள். மிஞ்சிய திடப்பொருளை எடுத்த கரைசலின் எடையால் வகுத்தால் உண்மையான செறிவு கிடைத்துவிடும். இதற்கு ஆகும் நேரத்தை நினைத்துப் பலர் தவிர்க்கிறார்கள். நான் ஒவ்வொரு புதுக் கரைசலுக்கும் செய்கிறேன். லேபிளில் இரண்டு எண் எழுதுகிறேன்: போட்டது, அளந்தது.

பவுடரைப் போடும் விதமும் இதே கணக்கில்தான் சேரும். சூடான நீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஊதி, உள்ளே உலர்ந்த பவுடரை வைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். குளிர்ந்த நீர் சுழலும்போது மெல்லத் தூவி, எல்லாத் துகளும் நனைய அவகாசம் கொடுத்து, பிறகு சூட்டை ஏற்ற வேண்டும். கரைந்ததாக நினைத்த கரைசலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் துகள் மாதிரி மின்னும் சின்ன உருண்டைகள் தெரிந்தால் அவை இன்னும் கரையாத பாலிமர். அதுவரை உங்கள் 10 இன்னும் 10 ஆகவில்லை.

செறிவு ஏற ஏறப் பாகுத்தன்மை நேர்கோட்டில் ஏறாது, பாய்ந்து ஏறும். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் எல்லையைத் தாண்டியபின், செறிவை இரட்டிப்பாக்கினால் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு அருகிலோ அதற்கு மேலோ போய்விடும். 15 சதவீதத்துக்கு மேல் காந்தம் சுழலத் திணறும். மேலே இருந்து மோட்டாரால் கலக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவி காற்றையும் உள்ளே இழுக்கும், காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். ஜெல்லில் ஒரு குமிழி இருந்தால் அழுத்தும்போது அந்த இடத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். அதிகச் செறிவால் கிடைத்த வலிமையைக் குமிழி தின்றுவிடுகிறது. கரைசலை மூடி வைத்து 60 டிகிரி ஓவனில் சில மணி நேரம் அசையாமல் விட்டால் பெரும்பாலான குமிழிகள் மேலே வந்துவிடும். சூடாக இருக்கும்போதே அச்சின் சுவரை ஒட்டிச் சாய்த்து ஊற்றுங்கள். ஆறும்போது மேற்பரப்பில் ஆடை படியும், அது பாலிமரைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊற்றியதும் மூடிவிட வேண்டும்.

செறிவான கரைசலைப் பல நாள் அலமாரியில் வைத்துவிட்டு அப்படியே பயன்படுத்துவதும் நல்லதில்லை. அறை வெப்பத்திலேயே சங்கிலிகள் அங்கங்கே கூடத் தொடங்கி, கரைசல் மங்கலாகித் தடித்துவிடும். பயன்படுத்தும் முன் மறுபடி 90 டிகிரிக்குச் சூடாக்கித் தெளியவைத்தால் புதிதாகச் செய்தது மாதிரி நடந்துகொள்ளும்.

உறைய வைப்பதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வேகமாக உறைந்தால் பனிப் படிகம் சிறியதாகவும், மெதுவாக உறைந்தால் பெரியதாகவும் இருக்கும். தடித்த அச்சில் ஓரம் சீக்கிரம் உறையும், நடு தாமதிக்கும். அதனால் ஒரே கரைசலாக இருந்தாலும் 2 மில்லிமீட்டர் தகடும் 4 சென்டிமீட்டர் உருளையும் ஒரே ஜெல் ஆகாது. உருளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வெண்மையில் வேறுபாடு தெரியும். நீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால் அச்சை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர்கள் அவ்வப்போது சூடாகி மறுபடி குளிரும். மாதிரியைச் சுவரை ஒட்டி வைத்தால் நீங்கள் அறியாமலே உறைந்து இளகும் சுழற்சியில் பாதி நடந்துவிடும். உப்பு சேர்த்த கரைசல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சோடியம் குளோரைடும் நீரும் முழுக்க உறைய மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். மைனஸ் 20 ஃப்ரீசரில் உள்ளே உப்புத் திரவம் மிஞ்சியே இருக்கும்.

இளக வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். முடிச்சுகள் உறைந்திருக்கும்போதே முழுக்க உண்டாகிவிடுகின்றன, இளகுவது வெறும் பனி உருகுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஜெல் கட்டுவதில் பெரும்பங்கு இளகும்போதுதான் நடக்கிறது. குறிப்பாகப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே உள்ள சில டிகிரிகளில். மைனஸ் 20-இல் சங்கிலிகள் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் அசைய முடியாத அளவுக்குச் சுற்றிலும் தடித்திருக்கிறது. பூஜ்யத்துக்கு மேலே போனால் நன்றாக அசையும், ஆனால் பனி உருகி நெருக்கம் கலைந்துவிடும். நடுவிலுள்ள அந்தக் குறுகிய பகுதியில்தான் நெருக்கமும் அசைவும் சேர்ந்து கிடைக்கின்றன. அங்கே மாதிரி எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு முடிச்சுகள். மேசையில் வைத்து, அதைவிட மோசமாக வெந்நீரில் வைத்து இளக்கினால் அந்தப் பகுதியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுவோம்.

நான் செய்வது: உறைந்த அச்சுகளைத் தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு ஃப்ரிட்ஜின் 4 டிகிரிப் பகுதிக்கு மாற்றிவிடுவேன். ஓர் அச்சின் நடுவில் மெல்லிய வெப்பநிலை உணரியைச் செருகி வைத்தால், வெப்பநிலை ஏறிவந்து பூஜ்யத்துக்கு அருகில் நீண்ட நேரம் தயங்கி நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தயக்கம் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்லது. செறிவை 10-லிருந்து 12 ஆக்கலாமா என்று யோசிப்பவர்களிடம், முதலில் அதே 10-ஐ மெதுவாக இளக்கிப் பாருங்கள் என்று சொல்வேன். பல சமயம் தேவையான கெட்டித்தன்மை அதிலேயே கிடைத்துவிடுகிறது, துளைகளையும் இழக்க வேண்டியதில்லை.

சுழற்சிகளின் எண்ணிக்கையும் இதே மாதிரிதான். உறையவைத்து இளக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஜெல் கெட்டியாகும், வெண்மை கூடும். முதல் சில சுழற்சிகளில் மாற்றம் பெரிதாகத் தெரியும், பிறகு தேய்ந்துவிடும். குறைந்த செறிவும் அதிகச் சுழற்சியும் சேர்ந்த ஒரு ஜெல்லும், அதிகச் செறிவும் ஒரே சுழற்சியும் உள்ள இன்னொரு ஜெல்லும் அழுத்தினால் ஒரே மாதிரி எதிர்க்கலாம். ஆனால் உள்ளே அவை வேறு. முதலாவதில் துளைகள் பெரிது, நீர் வேகமாகப் புகுந்து வெளியேறும். இரண்டாவது நீரை எளிதில் விடாது. ஒரே அழுத்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்று என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

எந்த வகைப் பவுடர் என்பதைச் சொல்லாமல் செறிவைப் பற்றிப் பேசுவதிலும் பொருளில்லை. 28-99 என்பது மாதிரியான பெயர்களில் முதல் எண், 4 சதவீதக் கரைசலின் பாகுத்தன்மை, 20 டிகிரியில் மில்லிபாஸ்கல் நொடி அலகில். இரண்டாவது, நீராற்பகுப்பின் சதவீதம். முதல் எண் பெரிதானால் சங்கிலி நீளம், குறைந்த செறிவிலேயே ஜெல் கட்டும். இரண்டாவது எண் 88 என்றால் சங்கிலியில் மிஞ்சியிருக்கும் அசிட்டேட் தொகுதிகள் படிகம் உண்டாவதைக் கெடுக்கும். அந்தப் பவுடரில் எவ்வளவு சதவீதம் போட்டாலும் உறுதியான ஜெல்லை எதிர்பார்க்க முடியாது. அது குளிர்ந்த நீரிலேயே சுலபமாகக் கரைகிறதே என்று மகிழ்ந்து வாங்கிவிட வேண்டாம்.

ஜெல் வந்துவிட்டது என்று தோன்றியதும் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யச் சொல்வேன். எடை போட்ட ஒரு துண்டை நிறைய நீரில் ஊறவிட்டு, நீரைப் பல முறை மாற்றி, பிறகு எடை இனி மாறாது என்ற நிலை வரும் வரை உலர்த்துங்கள். மிஞ்சிய பாலிமர், அந்தத் துண்டில் முதலில் இருந்திருக்க வேண்டிய பாலிமரில் எத்தனை பங்கு என்று பாருங்கள். மீதி, முடிச்சுகளில் மாட்டாமல் நீரோடு கழன்று போனது. குறைந்த செறிவில் இப்படிக் கழன்று போகும் பங்கு அதிகம். ஆகவே 6 சதவீதத்தில் செய்த ஜெல்லில், வலையாக நின்று வேலை செய்யும் பாலிமர் 6 சதவீதம் இருக்காது. ஊறவைத்த நீரைக் கீழே ஊற்றுமுன் அதையும் கொஞ்சம் ஆவியாக்கிப் பாருங்கள். தட்டின் அடியில் படியும் மெல்லிய படலம்தான் கணக்கில் காணாமல் போன பங்கு.

சரியாக வராத ஜெல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கழுவாத துண்டு என்றால், மூடிய பாத்திரத்தில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் முடிச்சுகள் அவிழ்ந்து மறுபடி கரைசலாகிவிடும். எடை பார்த்து, கசிந்துபோன நீரை ஈடுகட்டி, ஓவனில் உலர்த்திச் செறிவை மறுபடி அளந்துகொண்டு, அதே கரைசலை வேறு வேகத்தில் இளக்கிப் பார்க்கலாம். புதுப் பவுடர் வந்தால் நான் 4 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் வரை இரண்டிரண்டாக ஒரு வரிசை போட்டு, பாதிக் குப்பிகளை மேசையிலும் பாதியைப் பெட்டிக்குள்ளும் இளக்குகிறேன். எந்தச் செறிவில் துணுக்குகள் நின்று முழு ஜெல் தொடங்குகிறது என்பதை இரண்டு வரிசைக்கும் தனித்தனியாகக் குறித்து, அந்த இரண்டு எண்களையும் பவுடர் டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன்.